வீடு கட்ட மேசனைத் தெரிவு செய்தல்

முன்னைய நாட்களில் எமது கிராமங்களில் வீடு கட்ட நினைத்த ஒருவர் மேசனைத் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. தகப்பனுடைய வீட்டைக் கட்டியவரின் மகன் அயலில் இருப்பார். அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பது ஊருக்குத் தெரியும். அவர் குடிக்கிறவரா, சொன்ன நாளுக்கு வருகிறவரா, மிஞ்சிய சீமெந்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறவரா என்பதும் தெரியும். நாளைக்கும் அவர் இதே ஒழுங்கையால்தான் போய்வரவேண்டும். கட்டிய சுவர் வெடித்தால் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவரைப் பற்றிக் கதை எழும்பும். எழுத்தில் எதுவும் இருந்ததில்லை. அறிமுகம் ஒன்றே உடன்படிக்கையாக இருந்தது.

இடப்பெயர்வு உடைத்தவற்றுள் இந்த அறிமுகமும் ஒன்று. 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தம் காணியை மீண்டும் மிதித்தன. வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பியபோது காணி இருந்தது, அயல் இருக்கவில்லை. பழைய மேசன் இறந்திருப்பார், அல்லது பிள்ளைகளோடு வெளிநாடு போயிருப்பார். இப்போது வேலைக்கு வருபவர் வேறு மாவட்டத்தவர். ஒரே நேரத்தில் ஐந்தாறு வீடுகளை ஒப்புக்கொண்டவர். வேலை முடிந்தபின், சில வேளை முடியாமலும், போய்விடுபவர். அவர்களுள் கெட்டிக்காரரும் நேர்மையானவர்களும் நிறையவே உண்டு. ஆயினும் முன்பு அறிமுகம் பார்த்த காவல் வேலையை இன்று வேறு ஏதாவது பார்த்தாகவேண்டும். எழுத்தும் தவணையும் அதைப் பார்க்கலாம் என்பதே எமது அனுபவம்.

பணம் எங்கே நிற்கிறது

கடந்த இருபது ஆண்டுகளில் உதவித் திட்டங்களால் வடக்குக் கிழக்கில் எழுந்த வீடுகளிற் பெரும்பாலானவை, பயனாளிக் குடும்பமே பொறுப்பேற்றுக் கட்டியவை. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1,000 வீடுகளைக் கொந்தராத்துக் கம்பனிகள் கட்டின. 2012 ஐப்பசி 2 ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்திலோ, வடக்குக் கிழக்கில் புதிய வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே கட்டங்கட்டமாக வந்தது. கல்லையும் மணலையும் வாங்குவதும், மேசனைப் பேசுவதும், கூலி கொடுப்பதும் குடும்பத்தின் வேலையாயிற்று. இன்னொரு விதமாகச் சொன்னால், நேற்றுவரை தறப்பாளின் கீழ் இருந்த விவசாயியே கொந்தராத்துக்காரருமானார்.

இந்த முறையில் ஒரு பூட்டு உண்டு. அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சொன்னால்தான் சுவருக்கான பணம் வரும். அத்திவாரப் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்ட மேசன் பாதியில் நின்றுவிட்டால், கையில் இருந்த பணமும் போய், வரவேண்டிய பணமும் வராமற் போகிறது. அப்போது நகை அடகுக்குப் போகும். அதன்பின் நிதிக் கம்பனியின் கிழமைக் கடன். அதற்கும் பின் விதைநெல். வீடு கிடைத்தும் கடனாளியான குடும்பங்கள் எமது பகுதிகளில் எத்தனை என்பதை வாசகர்களே அறிவார்கள்.

பூட்டு மேசனால் மட்டும் விழுவதுமில்லை. 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது முன்னைய அரசின் வீட்டுத் திட்டங்களில் கொடுப்பனவு நின்றது. கூரையில்லாத சுவர்களோடு பல குடும்பங்கள் நின்றன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்தின் விலை ஒரே ஆண்டுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியது. இப்படியான நேரத்தில் மேசனுக்கு முற்பணம் கொடுத்து வைத்திருந்தவர் இரண்டு பக்கத்தாலும் இழந்தார். செய்த வேலைக்கு மட்டும் கொடுத்து வந்தவரோ, நின்ற இடத்தில் நின்று மூச்சுவிடக்கூடியதாக இருந்தது. ஆகவே மேசன் யார் என்று கேட்கும்போதே, பணம் எந்தக் கட்டத்திலும் வேலைக்கு முன்னே ஓடாமல் இருக்க அவர் சம்மதிப்பாரா என்றும் கேட்கவேண்டும். இரண்டும் ஒரே கேள்விதான்.

மேசனைப் பேசுவதில் மூன்று விதங்கள் உள்ளன. ஒன்று நாட்கூலி. மேசனுக்கும் கையுதவி ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு வீட்டில் ஆள் இருந்தால் இது நல்லது. இல்லாவிட்டால் நாட்கள் நீளும். இரண்டாவது, பொருளை நாம் வாங்கிக் கொடுத்து வேலைக்கூலியை மட்டும் மொத்தமாகப் பேசுவது. மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்த்து முழுக் கொந்தராத்தாகக் கொடுப்பது. உதவிப் பணத்தில் கட்டும் குடும்பத்துக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது எமது திடமான எண்ணம். சீமெந்துப் பையை நீங்களே வாங்கி, நீங்களே எண்ணி, உங்கள் கொட்டிலிலேயே தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வைத்திருந்தால், மேசன் வராத நாளிலும் சீமெந்து உங்களிடமே இருக்கும். முழுக் கொந்தராத்து பார்வைக்குச் சுகமானது. “அக்கா, நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதேங்கோ, எல்லாம் நான் பார்க்கிறன்” என்பார்கள். கேட்க ஆறுதலாயிருக்கும். ஆனால் அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பை சீமெந்து, எத்தனை நூல் கம்பி என்பது சொல்லப்படுவதில்லை.

முடிந்த வீட்டைப் போய்ப் பாருங்கள்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நெல் வாங்கினால் மூடையின் அடிக்குள் கைவிட்டு எடுத்துப் பார்க்கிறோம். மேசனை மட்டும் அவர் வாய்ச்சொல்லை வைத்தே தீர்மானிக்கிறோம். அவர் கட்டிய வீடுகள் மூன்றையாவது காட்டும்படி கேளுங்கள். ஒன்று கட்டிக்கொண்டிருக்கும் வீடாகவும், மற்றவை குறைந்தது இரண்டு மாரியாவது கண்ட வீடுகளாகவும் இருக்கட்டும். புதுப் பூச்சும் புது நிறமும் எதையும் மறைக்கும். இரண்டு மாரி பெய்த சுவர் பொய் சொல்லாது.

போன இடத்தில் வீட்டுக்காரரிடம் மட்டும் கதைத்துவிட்டு வராதீர்கள். அடுப்படிக்குப் போய் அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தாய், கணவனை இழந்தவர், மேசனைத் தெரிவதற்கு முன் மூன்று வீடுகளுக்கு நடந்தே போனார். எல்லா இடத்திலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “மழைக்கு எந்த மூலையிலை சட்டி வைக்கிறனீங்கள்?” நல்ல மேசனா என்று கேட்டால், யார் மனதையும் நோகடிக்காமல் எல்லாரும் நல்லவர் என்றே சொல்வார்கள். சட்டி வைக்கும் மூலையைக் கேட்டால் உண்மை வந்துவிடும். பொறியியலாளருக்கும் இதைவிடக் கூர்மையான கேள்வி தோன்றாது.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா? அப்படியானால் அத்திவாரம் இறங்கியிருக்கலாம், அல்லது யன்னலின் மேலுள்ள லின்ரல் சுவருக்குள் போதியளவு போகாமல் நிற்கலாம். அது இரு பக்கமும் ஆகக்குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் ஏறியிருக்கவேண்டும். பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு பெரிய குற்றமல்ல. வெயிலில் பூசி நனைக்காமல் விட்டதால் வருவது. சுவரின் அடியில் முழங்கால் அளவுக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருந்தால், அத்திவாரத்துக்கு மேல் சீமெந்துச் சாந்துப் படை போட்டுத் தார் பூசாமல் சுவரை எழுப்பியிருக்கிறார் என்று கொள்ளலாம். நிலத்தை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தில் கீழே மண் இறுகவில்லை, அல்லது மேற்பூச்சு ஒட்டவில்லை. கதவுகளைப் பூட்டித் திறந்து பாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு முன்னறிவித்தல் இல்லாமல் போவது நல்லது, அதுவும் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில். சாப்பாட்டுக்கு முன் குழைத்து வைத்த கலவைக்கு மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறுகிறாரா என்று பாருங்கள். தண்ணீர் சேர்ந்த சீமெந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையில் சேரவேண்டும். இறுகத் தொடங்கியதை மீண்டும் இளக்கிப் போட்டால் அது வெறும் மண்ணுக்குச் சமம். கொங்கிறீற்றுக் கலவையைச் சட்டியில் அள்ளினால் குவிந்து நிற்கவேண்டும், கஞ்சிபோல ஓடக்கூடாது. தண்ணீர் கூடினால் வேலை சுலபம், பலம் குறைவு. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்பது லின்ரலுக்கும் தூணுக்கும் வழமையான கணக்கு. அந்தப் பங்கைப் பெட்டி வைத்து அளக்கிறாரா, மண்வெட்டிக் கணக்கில் கண்பார்வைக்குப் போடுகிறாரா என்பதில் மேசனின் குணமே தெரியும்.

அடுக்கி வைத்திருக்கும் சீமெந்துக் கல்லொன்றை எடுத்து ஆணியால் கீறிப் பாருங்கள். விளிம்பு விரலோடு உதிர்ந்தால் அது மணற்கட்டி. இடுப்பளவிலிருந்து தரையில் விட்டால் நல்ல கல் முனை உடையலாம், சிதறாது. கல்லரிந்த நாளிலிருந்து ஒரு கிழமையாவது நிழலில் வைத்து நனைத்தார்களா என்று கேளுங்கள். நேற்று அரிந்த கல்லை இன்று சுவரில் வைக்கும் மேசன், உங்கள் வீட்டிலும் அதையே செய்வார்.

இன்னுமொரு சோதனை உண்டு. அதற்குச் செலவில்லை. உங்கள் கையில் உள்ள பணத்தை மறைக்காமல் சொல்லி, இந்தப் பணத்துக்கு என்ன கட்டலாம் என்று கேளுங்கள். “விறாந்தையையும் கூட்டுவம், அறையை இன்னும் இரண்டடி அகலமாய் எடுப்பம், பிறகு பார்க்கலாம்” என்பவர் ஒரு ரகம். “இப்ப இரண்டறையும் குசினியும் போதும்; அத்திவாரத்தைப் பிறகு கூட்டக்கூடிய மாதிரி விடுவம்” என்பவர் வேறு ரகம். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டின் அளவு 550 சதுர அடி. அதற்கு மேலே ஆசைப்பட்டு அத்திவாரத்தை அகட்டிய குடும்பங்கள், உதவிப் பணத்தில் கூரை காணாமல் கடன்பட்டதை நாம் ஊர்தோறும் பார்த்திருக்கிறோம். நிலத்துக்குள் புதைத்த பணத்தை யாரும் தோண்டி எடுக்க முடியாது. உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லத் துணிந்த மேசனையே நாம் நம்புவோம்.

மண்ணை அறிந்தவரா?

இதை ஏனோ ஒருவரும் கேட்பதில்லை. குடாநாட்டில் பல இடங்களில் நான்கடி வெட்டுமுன்னரே சுண்ணாம்புக்கல் தட்டும். அங்கே அத்திவாரம் ஒரு பெரிய வித்தையல்ல. அதே மேசன் மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கம், கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள கருங்களிமண்ணில் அதே ஆழத்தில் அத்திவாரம் வைத்தால், இரண்டு வருடத்தில் சுவர் பிளக்கும். அந்த மண் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். உழுது பயிரிட்ட உங்களுக்கு இது தெரியும். வயலில் கால் போகும் அளவு வெடிப்பைக் கண்டவர்கள் நீங்கள். வெளியிலிருந்து வரும் மேசனுக்குத் தெரியாமலிருக்கலாம். அங்கே வெடிப்பு எட்டாத ஆழம்வரை வெட்டவேண்டும்; அத்திவாரத்துக்கு மேலே கம்பி போட்ட கொங்கிறீற்று வளையம் சுற்றிவரப் போகவேண்டும்; கூரைத் தண்ணீர் அத்திவாரத்தடியில் விழாமல் அப்பால் ஓடவேண்டும். இவற்றை நீங்கள் சொல்லுமுன் அவரே சொன்னால் அவர் அந்த மண்ணில் வேலை செய்தவர். ஆகவே, எத்தனை வீடு கட்டினீர்கள் என்பதோடு, இந்த மண்ணில் எத்தனை வீடு கட்டினீர்கள் என்றும் கேளுங்கள்.

கடலோரக் கிராமங்களில் கேள்வி வேறு. கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் கம்பியை உள்ளிருந்தே தின்னும். ஐந்தாறு வருடத்தில் லின்ரலின் அடி வெடித்துத் துரு தெரியும். குடிக்க உதவாத நீர் கொங்கிறீற்றுக்கும் உதவாது. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது கொங்கிறீற்று மூடவேண்டும். மலிவாக மணல் கொண்டுவருகிறேன், இரவில் வரும் என்று ஒருவர் சொன்னால், அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் என்பது அதன் பொருள். பிடிபட்டால் மணலும் போகும், உங்கள் பெயரும் இழுபடும்.

விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்திவாரம் வெட்டும்போது சந்தேகமான இரும்போ பிளாஸ்ரிக்கோ தென்பட்டால், அவசரத்தில் மண்வெட்டியால் புரட்டிப் பார்க்கும் மேசனை உடனே நிறுத்துங்கள். எல்லாரையும் அப்பால் அனுப்பிவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். ஒரு நாட்கூலி போனால் போகட்டும்.

கூலியை எப்படிப் பேசுவது

வேலை தெரிந்தவர் என்று கண்டபின்னரே கூலிப் பேச்சு. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஆனால் எல்லாரிடமும் ஒரே படத்தைக் காட்டியே கேளுங்கள். ஒருவர் பூச்சோடு சொல்வார், மற்றவர் பூச்சில்லாமல் சொல்வார். இரண்டையும் ஒப்பிட்டுக் குறைந்ததை எடுத்தால் கடைசியில் அதுவே கூடியதாகும். மற்றவர்களைவிட மிகக் குறைத்துச் சொல்பவர் ஒன்றில் கணக்குத் தெரியாதவர், அல்லது பாதியில் கூட்டிக் கேட்க எண்ணியிருப்பவர்.

உதாரணத்துக்கு, 20 அடிக்கு 28 அடி வீடு, கூலி மட்டும் மொத்தம் 4,00,000 ரூபா என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தொகை விளக்கத்துக்காகவே; உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கும். அத்திவாரம் முடிய 80,000, லின்ரல் மட்டம்வரை சுவர் எழும்ப 1,00,000, மேற்சுவரும் கூரையும் முடிய 80,000, பூச்சும் நிலமும் முடிய 1,00,000. மீதி 40,000 முதலாவது மாரி கழிந்து, ஒழுக்கும் வெடிப்பும் இல்லை என்று கண்டபின். இந்தக் கடைசித் தொகையைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிக்கும் மேசன்மார் உண்டு. பெரிய கட்டடங்களில் கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பங்கை இப்படிப் பிடித்து வைப்பது உலக வழமை. இதில் அவமதிப்பு ஒன்றுமில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். மாரியில் ஒழுகினால் அவரை மீண்டும் உங்கள் வாசலுக்குக் கூட்டிவரும் கயிறு அந்தப் பணம் ஒன்றுதான்.

மேசனும் ஏழைதான். கட்டம் முடியும்வரை ஒரு சதமும் இல்லை என்றால் அவருடைய வீட்டில் அடுப்பு எரியாது, கையுதவிப் பெடியன்களும் நிற்கமாட்டார்கள். ஆகவே அந்தந்தக் கட்டத்துப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை, நடந்த வேலையைப் பார்த்துக் கிழமைக்குக் கிழமை கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு கட்டம் முடியும்வரை உங்களிடம் நிற்கட்டும். கட்டம் முடிந்த அன்றே அதைக் கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்துக் கொடுக்கும் வீட்டுக்காரரிடம் நல்ல மேசன் தங்கமாட்டார். இதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். வந்துபோகும் செலவுக்குச் சிறிய முற்பணம் கேட்டால் கொடுக்கலாம். பொருள் வாங்கவென்று முற்பணம் கேட்டால், வாருங்கள், கடைக்குச் சேர்ந்தே போவோம் என்று சொல்லுங்கள்.

பேசியதை எழுதுங்கள். சட்டத்தரணியின் தமிழ் தேவையில்லை. ஒரு கொப்பித்தாளில் வீட்டின் அளவு, எந்தெந்த வேலை அடங்கும், எது அடங்காது (மலசலகூடக் குழி, மின்சாரத்துக்குச் சுவர் வெட்டுவது, சாரத்துக்கு மரம் யார் கொடுப்பது என்பவற்றில்தான் பிறகு சண்டை வரும்), கலவைக் கணக்கு, தவணைகள், தொடங்கும் நாள், ஆளுக்குக் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பவற்றை எழுதுங்கள். இடையில் திட்டப் பணம் நின்றால் முடிந்த வேலைக்குக் கணக்குப் பார்த்துப் பிரிவது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இருவரும் கையொப்பமிட்டு, அயலவர் இருவர் சாட்சியாக ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி அவருடைய ஒப்பத்தை வாங்குங்கள். கம்பி கட்டியதும், கொங்கிறீற்று மூடுமுன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூடியபின் எத்தனை கம்பி என்று சுவரைக் கேட்க முடியாது.

நூல் அடிக்கும் நாளில் மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டிலிருந்து விலகாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாயிருக்கவேண்டும். ஒரு மூலையில் ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்தால், இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி வரவேண்டும். பாடசாலைப் பிள்ளையே இதை அளந்து சொல்லும். மேசன் கோபித்தால் அது அவருடைய வேலையைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல்.

தகைமைச் சான்றிதழ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இப்போது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்ற மேசன்மார் இருக்கிறார்கள். நீண்ட காலம் வேலை செய்து பழகியவர்களும் சோதனைக்குத் தோற்றி அதைப் பெறலாம். சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் அது கட்டிய வீட்டைப் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாகாது.

பயிர்க்காலமும் கட்டடக் காலமும்

வன்னியிலும் மன்னாரிலும் மேசன்மார் பலர் தாமும் வயல் செய்பவர்கள். காலபோக விதைப்புக்கும், தை மாசியில் அரிவி வெட்டுக்கும் அவர்கள் போய்விடுவார்கள். நீங்களும் வயலில்தான் நிற்பீர்கள். ஆவணி கடைசியில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினால் ஐப்பசி மழை கிடங்கை நிரப்பும். அரிவி வெட்டு முடிந்து, நெல்லுக் காசு கையில் வந்த மாசி பங்குனியில் தொடங்கி, ஆவணிக்கு முன் கூரை ஏற்றுவதே தகும். ஆனால் ஆனி ஆடியில் கிணறு வற்றும் இடங்களில், கொங்கிறீற்றையும் சுவரையும் ஏழு நாளாவது நனைப்பதற்கு நீர் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே பாருங்கள். நனைப்பது மேசனின் வேலையல்ல, வீட்டாரின் வேலை என்று அநேகமாக எல்லா மேசன்மாரும் சொல்வார்கள். அதையும் கொப்பியில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.

நெல்லுக் காசைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறோம். அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் உரிய பணத்தை, மேசன் கேட்டாலும் மனைவி கேட்டாலும் தொடாதீர்கள். பூச்சில்லாத சுவரோடு பல வருடம் இருக்கலாம்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு மேசனைப் பேசுவது இரட்டிப்புச் சிரமம். துணையில்லை என்று கண்டால் கூலி கூடும், சொல்லும் தடிக்கும். நாம் கண்ட நல்ல வழி, அயலில் வீடு கட்டும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மேசன் குழுவைப் பேசுவது. லொறி மணலைப் பங்கிடலாம், கல்லரியும் அச்சை வாடகைக்கு எடுத்து முறைவைத்து அரியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டில் பிழை செய்தால் மற்ற வீட்டு வேலையும் போகும் என்ற பயம் மேசனுக்கு இருக்கும். பழைய ஊர்க் கட்டுப்பாடு சிறிய அளவில் திரும்பி வருவது போலத்தான். போருக்குப் பின் பெண்களும் மேசன் வேலை பழகியிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் அப்படியானவர்கள் இருந்தால் அவர்கள் கட்டிய வீட்டையும் போய்ப் பாருங்கள். ஆண்களுக்குச் சொன்ன அதே சோதனைகள்தான்.

பிணக்கு வந்தால்

மேசன் பாதியில் நின்றுவிட்டால் முதலில் சாட்சி ஒப்பமிட்ட அயலவரோடு போய் அவரைச் சந்தியுங்கள். நோயா, மரணமா, வேறு வேலையின் பேராசையா என்று தெரிந்துகொள்ளுங்கள். திரும்பி வருவதற்கு ஒரு திகதி கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அந்தத் திகதியும் தவறினால், முடிந்த வேலையைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டி மதிப்பைக் குறித்துக்கொண்டு, வேறொரு மேசனைப் பிடியுங்கள். பழைய மேசன் பேசாமல் விட்ட இடத்தில் புதியவர் உடனே கைவைத்தால், யாருடைய பிழை என்பது பிறகு ஒருபோதும் தெளியாது. அதனால் நிறுத்தப்பட்ட நிலையை நாலு பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள்.

கொடுத்த பணத்தை மீட்கவேண்டுமானால் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. சிறு தொகைப் பிணக்குகள் முதலில் அங்கேதான் போகவேண்டும். அங்கே சட்டத்தரணி வைப்பதில்லை, நீங்களே பேசலாம். சபையார் இரு பக்கத்தையும் கேட்டு இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வார்கள். வற்புறுத்தித் தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழைக் கொண்டே நீதிமன்றம் போகலாம். போகும்போது உடன்படிக்கைத் தாள், பணம் கொடுத்த கொப்பி, கடைப் பற்றுச்சீட்டுகள், எடுத்த படங்கள் ஆகியவற்றோடு, சாட்சி ஒப்பமிட்ட அயலவர் ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். சபை கூடும் நாளையும் இடத்தையும் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.